கந்தோர் லாச்சியும் கொம்பனிக் காலமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார், வெள்ளைக்காரன் இன்னும் ஐம்பது வருடம் இருந்திருந்தால் இந்த நாடு சிங்கப்பூர் ஆகியிருக்கும், அவன் காலத்தில் இலஞ்சம் என்ற பேச்சே இல்லை, இது நாங்கள் எங்களுக்குள்ளே தேடிக்கொண்ட வியாதி என்று. நல்ல கோபத்தோடு எழுதியிருக்கிறார், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் சரித்திரத்தில் பிழை விட்டுவிட்டார். இங்கே திருகோணமலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்க, இருந்தவர்கள் எல்லோரும் "அதுதானே, அதுதானே" என்று தலையாட்டினார்கள். நான் பிளேன்ரீயை ஆறவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். அங்கே வாயைத் திறந்திருந்தால் சண்டைதான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் நடுவில் கை வைக்காமல் வாலிலிருந்து வெட்டுங்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். 31 வருடம் அரச இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன். ஒருமுறை தம்பலகாமத்து வயல்காரர் ஒருவருக்கு ஒரு கடிதத்தைக் கொஞ்சம் விரைவாக எடுத்துக் கொடுத்தேன், அன்று பின்னேரம் அவர் என் வீட்டுப் படியில் ஒரு முட்டி தயிரை வைத்துவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்கவில்லை. சாப்பிட்டோம். நல்ல தயிர். "நீர் மட்டும் சுத்தமோ" என்று நாளைக்கு ஒருவர் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன், சரியா.

இரண்டு மாதத்துக்கு முன்னர், காலஞ்சென்ற என் தமையனாருடைய காணி உறுதியின் பிரதி ஒன்று எடுக்க ஒரு கந்தோருக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொடியனுக்கு என் கடைசி மகனின் வயதுதான் இருக்கும். படிவத்தை வாங்கினான், பார்த்தான், "ஐயா, இது பழைய பதிவு, தேடவேணும்" என்றான். சொல்லிக்கொண்டே வலதுபக்க லாச்சியை மூன்று விரல் அளவுக்கு இழுத்து அப்படியே விட்டான். முழுக்கத் திறக்கவுமில்லை, மூடவுமில்லை. உள்ளே ஒரு ஸ்டேப்ளர், பாதி தின்ற பிஸ்கட் பக்கெற், மடித்த ஆயிரம் ரூபாய்த் தாளின் பச்சை விளிம்பு. அவனுடைய கண் கணினியில். நான் அந்த மூன்று விரல் இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். 31 வருடம் லாச்சிக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு அந்தப் பாஷை விளங்காதா? ஒன்றும் போடவில்லை. "அடுத்த கிழமை வாங்கோ" என்றான். போனேன். அதற்கடுத்த கிழமையும் போனேன்.

இரண்டாம் தரம் வெறுங்கையோடு திரும்பி நடக்கும்போது, வெயிலை மறக்க, அந்த அறையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் பெயர் சொல்லிப் பார்த்தேன். கதிரை, மேசை, அலுமாரி, பேனா, சாவி எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுவிட்டுப் போன சொற்கள். கந்தோர் ஒல்லாந்தச் சொல், டச்சுக்காரன் தந்தது. லாச்சியும் ஒல்லாந்தச் சொல். லாச்சிக்குள் விழுவதைத் துட்டு என்று சொன்னால் அதுவும் ஒல்லாந்தன் தந்ததுதான், "டொயிட்" என்று அவர்களுடைய கொம்பனி அடித்துப் புழங்கவிட்ட செப்புக் காசு. என் தகப்பனாரிடம் ஒன்று இருந்தது, பச்சை பூத்துப்போய், ஒரு பக்கத்தில் வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். சின்ன வயதில் அதைத் தூத்துக்குடிச் சிதம்பரம்பிள்ளையின் காசு என்று நினைத்திருந்தேன்! அவரோ 1906இல் வெள்ளைக்காரக் கப்பல் கொம்பனிக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விட்ட மனுசன். காசில் இருந்தது 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பெயர். அந்த மூன்று எழுத்துக்கு ஒல்லாந்தர்களே பின்னாளில் வேறு விரிவு சொல்லிச் சிரித்தார்கள், "வெர்கான் ஒண்டர் கொரப்சி", ஊழலால் அழிந்தது என்று. இப்படி நொடித்தது அந்தக் கொம்பனியின் சொந்த நாட்டவர்கள், எங்கள் ஆட்கள் அல்ல.

வாசகர் விட்ட முதல் பிழை, எங்களை முதலில் ஆண்ட வெள்ளைக்காரனை அரசாங்கம் என்று நினைத்தது. போர்த்துக்கேயனை விடுங்கள், அவன் ராசாவின் பெயரால் வந்தவன், 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியவன், அவன் கணக்கு வேறு. அவனுக்குப் பின்னால் 1639இல் இங்கே வந்திறங்கியது ஒரு கடை. படை வைத்திருந்த கடை, பீரங்கி வைத்திருந்த கடை, தூக்குமரம்கூட வைத்திருந்த கடை, ஆனாலும் கடைதான். ஒல்லாந்தில் பதினேழு துரைமார் கூடியிருந்து, பங்குக்காரர்களுக்கு இந்த வருடம் எத்தனை வீதம் பிரிக்கலாம் என்று கணக்குப் பார்த்தார்கள். இங்கே கவர்னர் என்று பல்லக்கில் போனவர் அந்தக் கடையின் மனேச்சர். கடைக்காரன் வாங்குகிற விலையைக் குறைக்கப் பார்ப்பான், விற்கிற விலையைக் கூட்டப் பார்ப்பான், அது அவன் தொழில். அவன் கையிலேயே நீதவான் கோலையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த நூற்றைம்பது வருடக் கதை.

தொடக்கமே மோசடி. 1638 மே மாதம் 23ஆம் திகதி மட்டக்களப்பில் கண்டி ராசா இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஒப்பந்தம் எழுதினார்கள். போர்த்துக்கேயரைக் கலைத்துத் தந்தால் செலவைக் கறுவாவும் மிளகும் கொடுத்துத் தீர்ப்பதாக ராசா ஏற்றுக்கொண்டார். பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாம், ராசா விரும்பினால். அந்த "ராசா விரும்பினால்" என்ற துண்டு, ராசா கையில் இருந்த பிரதியில் இருக்கிறது, கொம்பனி வைத்துக்கொண்ட ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. இலிகிதர் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கைதவறி விடுபடுகிற இடம் இல்லை. அப்புறம் செலவுக் கணக்கு வந்தது, வந்துகொண்டே இருந்தது. ராசா கொடுக்கக் கொடுக்கக் கணக்கு ஊதியது, கணக்கு தீரவில்லை என்று காலியையும் நீர்கொழும்பையும் விடமாட்டோம் என்றார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்கள ஆட்கள் இன்றைக்கும் இதைச் சொல்வார்கள். திருகோணமலையையும் மட்டக்களப்பையும் ராசாவிடம் விட்டார்கள்தான், அதையும் 1660களில் வந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டு செய்தது என்ன? கொட்டியாரத் துறையை அடைத்தார்கள். அதுவரை சோழமண்டலக் கரையிலிருந்து வத்தைகள் அரிசியும் சேலையும் கொண்டுவந்து, மலைநாட்டுப் பாக்கை ஏற்றிக்கொண்டு போகும். தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறையாகச் செய்த யாவாரம் அது. 1670 அளவில் கறுவா, யானை, தந்தம், முத்து, பாக்கு, துணி எல்லாம் கொம்பனியின் ஏகபோகம் என்று பறைசாற்றினார்கள். பாக்குக்கு அவன் சொன்னதுதான் விலை. சேலையை அவனிடம்தான் வாங்கவேண்டும், அதற்கும் அவன் சொன்னதுதான் விலை. மூதூரிலும் கிண்ணியாவிலும் இன்றைக்கு நெல் விற்கிறவர்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்களுக்கு இதன் ருசி தெரியும்.

இனித்தான் லாச்சி வருகிறது. அந்தக் கொம்பனி தன்னுடைய ஆட்களுக்கு என்ன சம்பளம் கொடுத்தது என்று பாருங்கள். கப்பலேறி வந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் அளவில். பாதிப்பேர் வருகிற வழியிலோ வந்த ஊரிலோ காய்ச்சலில் செத்துப்போகிற உத்தியோகத்துக்கு அந்தச் சம்பளம். மேலே இருந்தவர்களுக்கும் வைத்திருந்த வீட்டையும் பல்லக்கையும் பார்த்தால் சம்பளம் எந்த மூலைக்கும் காணாது. அப்படியென்றால் ஏன் வந்தார்கள்? சொந்த யாவாரத்துக்கு வந்தார்கள். சொந்த யாவாரம் கூடாது என்று கொம்பனி திரும்பத் திரும்பக் கட்டளை போட்டது, திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்பதிலேயே யாரும் கேட்கவில்லை என்பது தெரியும். நிறையில் ஒரு பிடி, அளவையில் ஒரு பிடி, கப்பலில் கொம்பனி மூட்டைக்குக் கீழே தன் மூட்டை. துரைமாருக்கும் தெரியும். சம்பளத்தைக் கூட்டுவதைவிடக் கண்ணை மூடிக்கொள்வது மலிவு. லாச்சியை மூன்று விரல் அளவுக்குத் திறந்து வைத்தவர்கள் அவர்கள்தான்.

ஒல்லாந்தர் குற்றவாளியைத் தண்டிக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். தண்டித்தார்கள். 1726இலிருந்து 1729வரை இங்கே கவர்னராக இருந்த பேத்ருஸ் வைஸ்ட் என்பவரைப் பிடித்துப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோய் 1732இல் தலையை வெட்டினார்கள். ஆனால் அவர் மேல் வந்த பெரிய குற்றச்சாட்டு என்ன தெரியுமா, இல்லாத சதி ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக் கொம்பனியின் சொந்த ஆட்களையே சித்திரவதை செய்து கொன்றார் என்பது. சாயவேர் தோண்டினவனையும் கறுவாப்பட்டை உரித்தவனையும் பிழிந்ததற்காகத் தலை போன கவர்னர் ஒருவரையும் நான் வாசித்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் 1659 தொடக்கம் 61வரை பஞ்சம் வந்தபோது, பசியில் விற்கப்பட்ட தமிழ்ச் சனத்தை இதே கொம்பனி ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றியது. கொழும்பில் அடிமைகளை அடைத்துவைத்த இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்? கொம்பனித்தெரு. தினமும் ரயிலில் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறோம், பெயர்ப் பலகையை ஒருவரும் வாசிப்பதில்லை.

சரி, ஒல்லாந்தன் அப்படி, இங்கிலீசுக்காரன் நல்லவன் என்றுதான் அந்த வாசகர் சொல்ல வருகிறார் போலும். இங்கிலீசுக் கொம்பனியும் கடைதான், இவர்களுக்கு இரண்டு வருடம் மூத்த கடை. எங்கள் பக்கம் அந்தக் கொம்பனியின் பெயர் தெரிந்தது றொபேட் நொக்ஸால். 1659 முடிவில் பாய்மரம் முறிந்த "ஆன்" கப்பலோடு கொட்டியாரத்துக்கு வந்து, தகப்பனோடு மூதூரில் பிடிபட்டு, 19 வருடம் கண்டி ராச்சியத்தில் இருந்து தப்பினவர். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறோம், பாவம் நொக்ஸ் என்கிறோம். தப்பி ஊருக்குப் போன நொக்ஸ் அதே கொம்பனியில் கப்பல் தலைவனாகி, அடிமை பிடித்து ஏற்ற மடகஸ்காருக்குப் போனார் என்பதையும் அந்த மரத்தடியில் யாராவது சொன்னால் நல்லது. 19 வருடச் சிறை ஒரு மனுசனுக்கு என்னத்தைக் கற்றுக்கொடுத்தது என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

இங்கிலீசுக் கொம்பனி ஒரு விஷயத்தில் ஒல்லாந்தனைவிட நேர்மையாக இருந்தது. ஊருக்குள் சொந்த யாவாரம் செய்யலாம் என்று வெளிப்படையாகவே விட்டுவிட்டது. 1744இல் மதறாசில் எழுதுவினைஞனாக வந்து சேர்ந்த றொபேட் கிளைவுக்குச் சம்பளம் வருடத்துக்கு 5 பவுண். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு! என்னுடைய இனம்தான் அவர், இலிகிதர். 1757இல் பிளாசிச் சண்டை முடிந்ததும் மீர் ஜாபரை நவாப் ஆக்கினதற்காக அதே இலிகிதர் வாங்கின "சந்தோசம்" 234,000 பவுண், அதற்கு மேலே வருடம் 27,000 பவுண் வரி வருகிற ஜாகீர்க் காணி. பாராளுமன்றத்தில் 1773இல் கேள்வி கேட்டபோது, அங்கே குவிந்துகிடந்ததைப் பார்த்தும் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேனே என்று என் அடக்கத்தை நினைத்து நானே வியக்கிறேன் என்ற மாதிரிப் பதில் சொன்னார். லாச்சி திறந்து வைத்திருந்த பொடியனை அந்த நேரம் நினைத்தேன், பாவம், அவனுக்கு இந்தத் தைரியம் வராது.

வங்காளத்தில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும், வேகமாகக் கடந்துபோகிறேன். 1765இல் வரி வாங்கும் உரிமை கொம்பனிக்குக் கிடைத்தது, 1770இல் பஞ்சம். சனத்தில் மூன்றில் ஒரு பங்கு செத்தது என்று எழுதினவர் கொம்பனியின் சொந்தக் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ். அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார், 1771இல் வசூலான வரி, பஞ்சத்துக்கு முந்தின 1768ஐவிடக் கூட என்று. செத்தவன் பங்கையும் உயிரோடு இருக்கிறவனிடம் வாங்கியிருக்கிறார்கள். இதை அவர் ஒளிக்கவில்லை, கணக்கு குறையவில்லை என்ற திருப்தியோடு எழுதுகிறார்.

எங்களுக்கு நெருக்கமான கதை மதறாஸ். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கொம்பனி உத்தியோகத்தர்களே தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கொடுத்தார்கள். போல் பென்பீல்ட் என்று ஒருவர், கொம்பனியில் சின்னச் சம்பளத்துக்கு இருந்தவர், நவாப் தனக்கு இரண்டு இலட்சத்து முப்பதினாயிரம் பவுண் அளவில் தரவேண்டும் என்று பத்திரம் நீட்டினார், அதில் பெரும்பங்குக்கு ஈடு தஞ்சாவூர் விளைச்சல். விதைத்தவன் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவன் வட்டிக்கு எழுதிக்கொண்ட நெல். இதைத் தடுக்கப் போன மதறாஸ் கவர்னர் பிகொட் துரையை 1776இல் அவருடைய சபைக்காரர்களே பிடித்து அடைத்துவைத்தார்கள், அடைப்பிலேயே அடுத்த வருடம் செத்துப்போனார். கவர்னருக்கே அந்தக் கதி. 1785இல் எட்மண்ட் பேர்க் பாராளுமன்றத்தில் இந்த நவாப் கடனைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார், கேட்டுவிட்டுப் பெரும்பாலானவர்கள் கடனை விசாரணை இல்லாமலே தீர்க்கிற பக்கம் வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், அந்த மதறாஸ் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறினவர்கள்தான் எங்களை ஆள வந்தார்கள். இங்கிலீசுக் கொம்பனிக்கு எங்கள் ஊர் ஏன் வேண்டும்? வாடைக்காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க ஒரு பாதுகாப்பான துறை கிடையாது, எங்கள் துறைமுகம் எந்தக் காற்றுக்கும் அசையாது. 1782 தை மாதம் பிடித்தார்கள், அதே வருடம் ஆவணியில் பிரெஞ்சுக்காரன் சப்ரன் பறித்தான். 1795 ஆகஸ்ட் 26ஆம் திகதி கோட்டையும், 31ஆம் திகதி துறைமுகத்து ஒஸ்டன்பேர்க் கோட்டையும் கேணல் ஸ்டுவர்ட் கையில் விழுந்தன. கொழும்பைப் பிடித்த கதை இன்னும் அழகு. அங்கே ஒல்லாந்தனுக்குக் காவல் நின்ற சுவிஸ் கூலிப்படைக்கு மெயுரோன் என்ற பிரபு சொந்தக்காரர், இங்கிலீசுக்காரர் அவரைத் தேடிப்போய்ப் படையையே விலைபேசி வாங்கிவிட்டார்கள். அவருடைய தம்பிக்குப் போன இரகசியக் கடிதம் ஒரு பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டது என்று ஒரு கதை உண்டு. 1796 பெப்ரவரியில் கொழும்பு பெரிய சண்டை இல்லாமலே சரண்.

அதன் பிறகு வந்த இரண்டரை வருடத்தைத்தான் அந்த வாசகர் வாசிக்கவேண்டும். இலங்கையின் வருமானம் முழுக்க மதறாஸ் உத்தியோகத்தர் றொபேட் அண்ட்றூஸ் கையில். அவர் ஊர் வழக்கம் ஒன்றையும் கேட்கவில்லை, மதறாஸ் முறையை அப்படியே பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். ஊர்த் தலைமைக்காரரான முதலியார்மாரை விலக்கிவிட்டு அக்கரையிலிருந்து வரி வசூலிக்கிற அமில்தார்கள், மொழிபெயர்க்கிற துபாஷிகள். இராசகாரியம் என்ற அரச ஊழியம் செய்வதற்காக வரியில்லாமல் அனுபவித்த காணிகளுக்கு, இனி வேலை வேண்டாம், விளைச்சலில் பாதியைத் தா என்றார்கள். வரி வசூலை ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். இதெல்லாம் போதாதென்று 1797இல் தென்னைக்கு வரி, மரத்துக்கு வருடம் ஒரு பணம். பணம் என்றால் அந்தக் காலத்து வெள்ளிக் காசு.

தென்னை மரத்துக்கு வரி என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். என் வளவில் 14 தென்னை நிற்கிறது. 2 மரம் வண்டு அடித்துக் கொண்டையில்லாமல் நிற்கிறது, 3 இன்னும் காய்க்கத் தொடங்கவில்லை, ஒன்று வேலியில், அது எனக்கா பக்கத்து வீட்டுக்காரருக்கா என்று இரண்டு தலைமுறையாகத் தீராத வழக்கு. அப்படியென்றால் வரி எத்தனை மரத்துக்கு? அதை எண்ண வருகிறவன் தீர்மானிப்பான். அவனோ குத்தகைக்காரனின் ஆள், குத்தகைக்காரன் ஏலத்தில் கொடுத்த காசை இந்த வருடத்துக்குள் எடுக்கவேண்டும், அடுத்த வருடம் ஏலம் வேறொருவனுக்குப் போகலாம். பட்ட மரத்தைப் பட்ட மரம் என்று எழுதுவதற்கு ஒரு விலை இருந்திருக்காதா? நான் அந்தப் பக்கம் இருந்தவன், இருந்திருக்கும். லாச்சி இல்லாவிட்டால் மடி. இதற்குப் பிறகு சனம் சும்மா இருக்குமா, 1797இல் கொழும்புப் பக்கத்துக் கோறளைகளில் கலகம் வெடித்தது. பதவி பறிபோன முதலியார்மாரும் பின்னால் நின்று ஊதிவிட்டார்கள், கண்டியிலிருந்தும் உதவி வந்தது. கொம்பனி படையும் அனுப்பியது, விசாரணைக் குழுவும் போட்டது. குழுவுக்குத் தலைவர் யார்? அந்தப் பாலாடைக்கட்டிக் கடிதம் போன தம்பி மெயுரோன்தான், இப்போது இங்கிலீசுப் படையில் பிரிகேடியர். நல்லகாலம், அந்த மனுசன் உள்ளதை எழுதினார், அமில்தார்களை எடு, பழைய முதலியார்மாரைத் திரும்ப வை என்று. தென்னை வரியும் போனது. 1798 ஒக்டோபரில் கவர்னர் நோர்த் வந்தார், 1802 பிறந்தபோது கொம்பனிக்கு இலங்கையில் இருந்த பிடியும் போய் முடிக்குரிய ஆட்சி வந்தது. ஒரு கடை இந்த நாட்டை இங்கிலீசுக் கொடியின் கீழ் நடத்தின காலம் இவ்வளவுதான், இவ்வளவுக்குள் ஒரு கலகம்.

இங்கே என் சொந்தச் சனத்தின் கோபத்தையும் வாங்கிக்கொள்கிறேன். அந்த அமில்தார்களும் துபாஷிகளும் யார்? நம்மைப் போலத் தமிழும் தெலுங்கும் பேசினவர்கள். வெள்ளைக்காரத் துரைக்கு ஊர்ப்பாஷை தெரியாது, ஊருக்குத் துரைப்பாஷை தெரியாது, இரண்டு பாஷையும் தெரிந்தவன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கினான். அவர்கள் போய் முதலியார்மார் திரும்பினபோது ஊர்ச் சனம் பால்காய்ச்சிப் பொங்கியதா என்றால் அதுவும் இல்லை, அவர்களுக்கும் மடி இருந்தது. ஒல்லாந்தன் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பில் தன் பெயரை ஏற்றி மற்றவன் காணியை விழுங்கின குடும்பங்கள் எங்களுக்குள்ளும் உண்டு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு வெள்ளைக்காரன் காலம் பொற்காலம் என்று அதிகம் சொல்கிறவர்கள். அவர்களுக்கு அது பொற்காலம்தான், பொய்யில்லை.

அப்படியென்றால் நேர்மையான வெள்ளைக்கார ஏஜண்டு துரை, கையை நீட்டாத நீதவான் என்று எங்கள் அப்பா, அப்பாச்சி காலத்தவர்கள் சொன்னதெல்லாம் கட்டுக்கதையா? இல்லை, அப்படியும் இருந்தார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வங்காளத்தில் கோர்ன்வாலிஸ் பிரபு 1786க்குப் பிறகு ஒரு வேலை செய்தார், கலெக்டருக்குச் சொந்த யாவாரத்தைத் தடைசெய்து சம்பளத்தை மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார், வசூலில் ஒரு வீதம் கமிசன் வேறு. அந்தக் காலத்து 1,500 ரூபாய்! அதோடு வருடம் 500 பவுணுக்கு மேல் சம்பளம் உள்ள நாற்காலியில் இந்தியன் ஒருவனும் உட்காரக்கூடாது என்றும் ஆக்கினார். மேலே வயிறு நிறைந்தது, கை சுத்தமானது. கீழே இருந்த நம்மவனுக்குப் பழைய அரைவயிற்றுச் சம்பளமே தொடர்ந்தது, கையும் பழையபடியே. நூறு வருடம் இதைப் பார்த்த சனம் என்ன முடிவுக்கு வரும், வெள்ளைத்தோல் வாங்காது, கறுப்புத்தோல் வாங்கும் என்றுதானே? வெள்ளைக்காரத் துரையின் நேர்மைக்கு விலை கொடுத்தவன் வரி கட்டின குடியானவன். அதிலும் இலங்கையில் கோப்பிக் காலம் வந்தபோது, ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு முடிக்குரிய காணி விற்பனை, விற்கிற அரசாங்கத்தின் உத்தியோகத்தர்களே தோட்டம் தோட்டமாக வாங்கினார்கள், 1840களின் நடுவில் லண்டன் தலையிட்டுத்தான் அது நின்றது. அதை இலஞ்சம் என்று ஒருவரும் சொல்லவில்லை. உறுதி எழுதி, முத்திரை ஒட்டி, சட்டப்படி நடந்தது.

எங்கள் கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமையில் வாருங்கள் என்று அந்த வாசகரைக் கூப்பிடுகிறேன். பிரட்றிக் கோட்டை என்று 1803இல் யோர்க் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வாசலைத் தாண்டினதும் மான்கள் வந்து உங்கள் கையில் இருக்கிற அர்ச்சனைத் தட்டை மோந்து பார்க்கும், வாழைப்பழம் கவனம். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி தங்கின வீட்டைக் காட்டுவார்கள். 1800 கடைசியில் அவர் இங்கே படை சேர்த்துக்கொண்டிருந்தார், அண்ணன்காரர் கொம்பனியின் கவர்னர் ஜெனரல். நல்ல வீடு, போட்டோ எடுங்கள். கோட்டை எந்த வருடம் யார் கையில் என்று எத்தனை வழிகாட்டிகளையும் கேளுங்கள், வாய்ப்பாடாகச் சொல்வார்கள். இந்தக் கோட்டையைப் பிடித்தவர்கள் மரத்துக்கு ஒரு பணம் வாங்கினார்கள் என்று மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள். தொல்பொருள் திணைக்களத்தார் அந்த மதிலடியில் ஒரு பலகை வைக்கலாம், மூன்று மொழியிலும், பீரங்கிக் கணக்கை ஒரு வரி குறைத்துக்கொண்டு தென்னை மரக் கணக்கை ஒரு வரி சேர்த்து. செலவு பெரிதாக வராது.

அந்தக் கந்தோருக்கு வருகிற செவ்வாய் திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவு கிடைத்துவிட்டதாம், கையெழுத்துத்தான் மிச்சமாம். மனைவி ஒரு முட்டி தயிர் வாங்கிக்கொண்டு போங்கோவன் என்கிறா. நான் படிவத்தின் போட்டோப்பிரதி இரண்டும், அடையாள அட்டையும், வாசிக்க உங்கள் பத்திரிகையும் கொண்டுபோய் அந்த வாங்கில் இருக்கப்போகிறேன். கந்தோர் நாலரைக்குத்தான் பூட்டும், எனக்கு வேறு வேலையும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.